தாய்மாமனுக்கு எத்தனை பெரிய எழுத்து?

மே 6, செவ்வாய்

பாப்பாவுக்குக் காதுகுத்து ஜூன் முதல் தேதி என்று முடிவாகிவிட்டது. தேவாரத்திலேயே மண்டபம். சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்டார்: "பிளக்ஸுக்குச் சொல்லிரவா?"

இவருக்கு வெட்கமே கிடையாதா? போன வருடம் புதுவீடு பால்காய்ச்சும்போது அடித்த பிளக்ஸ் போதாதா? கூட்டாளிகள் எல்லாம் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மேலே. என் அண்ணன் பெயர் கடைசி வரியில், பிளக்ஸ் கடைக்காரரின் செல் நம்பருக்கு மேலே. ஆண்டிபட்டியிலிருந்து சீரோடும் மேளத்தோடும் வந்த அண்ணன் பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்தார். வேனை அப்படியே திருப்பிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது பாப்பா உட்காரத் தாய்மாமன் மடி வேண்டும். "அவுக வரலைன்னா சித்தப்பா முறைக்காரக யாராச்சும் உக்காரட்டும்" என்றார் இவர். என் மாமியார் மூக்கம்மாள் அத்தை முறைத்த முறைப்பில், தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார். சுரேஷ்கண்ணன் என்று பேர் வைத்த அத்தையின் பேச்சுக்கே அடங்காத மகன், அந்தப் பார்வைக்கு மட்டும் அடங்குவார்.

எனக்கு அண்ணன் வரணும். அவ்வளவுதான்.

மே 8, வியாழன்

யோசனை வந்துவிட்டது! மண்டபத்தில் பெரிய எல்இடி திரை இருக்கிறது. பிளக்ஸே வேண்டாம். திரையில் ஒரு நேரத்துக்கு ஒரு பெயர், தனியாக. மேலே கீழே என்று ஒன்று இருந்தால்தானே சண்டை?

கோயம்புத்தூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன். இது எனக்குப் பெரிய வேலையா? ஒரு விண்டோ, அதன் நடுவில் ஒரு லேபிள். லேபிள் என்பது திரையில் ஒட்டும் பெயர்ச்சீட்டு. என்ன எழுத வேண்டும், எந்த எழுத்து, எத்தனை பெரிசு, பின்னால் என்ன நிறம் என்று நாம் சொன்னால் போதும். அது பாட்டுக்கு நிற்கும், எதிர்த்துப் பேசாது. இந்த வீட்டில் அப்படி இருப்பது அது ஒன்றுதான்.

"ஒரு பேரைக் காட்ட ஒரு புரோகிராமாக்கும்?" என்றார் இவர்.

"ஒரு பேரை ஒழுங்காப் போட்டிருந்தா எதுக்கு இந்த வேலை?" என்றேன்.

மே 12, திங்கள்

வெட்கக்கேடு. அடுத்த பெயர் வரவேண்டிய ஒவ்வொரு முறையும் புது லேபிளை உருவாக்கியிருக்கிறேன். பழையது போகவில்லை. எல்லாம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. மேலே இவரது கூட்டாளி சுருளி, கீழே கடைசியில் என் அண்ணன்!

பிளக்ஸை ஒழிக்கப் போய் கம்ப்யூட்டரிலேயே பிளக்ஸ் அடித்திருக்கிறேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நாளைக்கு ரசத்தில் உப்பு இருக்காது.

திருத்திவிட்டேன். ஒரே லேபிள். உள்ளே இருக்கும் எழுத்து மட்டும் மாறும்.

மே 20, செவ்வாய்

ஆண்டிபட்டிக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். பாண்டீஸ்வரி மதினி காப்பி கொடுத்தாக. அண்ணன் தறிச் சத்தத்துக்குள்ளேயே நின்றார். இவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. இவரும் காப்பி டம்ளருக்குள் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"பிளக்ஸ் உண்டா?" – அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"இல்லண்ணே. திரையில பேரு வரும். ஒத்தப் பேரா, தனித்தனியா."

"எத்தாந்தண்டி எழுத்து?"

"திரை நெறய."

"பாப்போம்."

இதற்கு வருகிறேன் என்று அர்த்தமா, வரமாட்டேன் என்றா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுகையாக வந்தது. இவர் ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். அதையாவது கொடுத்தாரே.

மே 27, செவ்வாய்

நீளமான பெயர்கள் இரண்டு பக்கமும் வெட்டுப்படுகின்றன. வரியை மடித்துப் போட வழி உண்டு. ஆனால் மடித்தால் முதல் வரியில் யார் என்று கேட்பார்கள், வேண்டாம் சாமி. பெயர் திரைக்குள் அடங்கும்வரை எழுத்து தானாகச் சுருங்கும்படி எழுதிவிட்டேன். நான் கெட்டிக்காரிதான்.

மே 31, சனி

மதினி போன். "கெளம்புறாக போலத்தான் இருக்கு." கடவுளே.

ஜூன் 1, ஞாயிறு

இன்றைக்குக் காதுகுத்து.

காலையில் மண்டபத்தில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏத்தா, ஒங்க அண்ணன் பேரை மொட்டையாப் போடாத. மருவாதி பத்தாது" என்றார். சரிதானே என்று அடித்தேன். ஆண்டிபட்டி தறிப்பட்டறை உரிமையாளர், பாசமிகு தாய்மாமன், உயர்திரு ஈஸ்வரபாண்டி அவர்கள், குடும்பத்தாருடன் வருக வருக. அத்தைக்குப் பரம திருப்தி. திரையில் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கெட்டிக்காரி!

பத்து மணிக்கு மேளம். அண்ணன் தலையில் துண்டு கட்டி, சீர்த்தட்டோடு வாசலில் நின்றார். திரையில் 'சுருளி' என்று வந்தது. மூன்றே எழுத்து, சுவர் நிறைய. சுருளி எழுந்து நின்று கும்பிடு வேறு போட்டான். அடுத்தது அண்ணன் பெயர். பொடிப்பொடியாக, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு. மரியாதை கூடக்கூட எழுத்து சுருங்கிப்போயிருக்கிறது! அடிப் பாவி, நீ எழுதிய புரோகிராம்டீ அது.

அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தட்டை மதினி கையில் கொடுத்தார். திரும்பி நடந்தார்.

நான் லேபிளில் இருந்த அத்தனையையும் அழித்தேன். உரிமையாளர், உயர்திரு, பாசமிகு எல்லாம். என்ன அடிப்பது என்று யோசிக்கவே இல்லை. கை தானாக அடித்தது.

அண்ணே

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் இவர். பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேனுக்கு முன்னால் நிற்கிறார். கையில், வண்டியிலிருந்து உருவிய சாவி.

"சாவி எங்கிட்ட இருக்கு மச்சான். காது குத்திட்டு வாங்கிக்கங்க."

"குடுய்யா."

"போன தடவை நான் பண்ணுனது தப்பு. அதுக்கு நீங்க என்னை நாலு பேரு முன்னாடி வையுங்க. உள்ள வந்து வையுங்க. உங்க தங்கச்சி முழிச்சுக்கிட்டு நிக்குறா."

இவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. இவர் பிறந்ததிலிருந்து அத்தையும் கேட்டதில்லையாம்.

அண்ணன் உள்ளே வந்தார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே பார்த்தாலும் அந்த ஒரு சொல்தான், சுருளியைவிடப் பெரிசாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை.

"இம்புட்டுப் பெருசாப் போட்டியே, ஊர்க்காரனுக்கு எந்த அண்ணன்னு எப்படித்தா தெரியும்?" என்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார்.

"எனக்கு ஒரு அண்ணன்தானே."

அப்புறம் பாப்பா அந்த மடியில் உட்கார்ந்தாள். ஊசி இறங்கியதும் அவள் ஒரு சத்தம், அண்ணன் அதைவிடப் பெரிய சத்தம்.

ஜூன் 9, திங்கள்

இவர் போன் அரை மணி நேரமாக பிசி. யாரிடம் என்று காது கொடுத்துக் கேட்டேன். ஆண்டிபட்டி. பாப்பாவின் காதுப் புண்ணில் ஆரம்பித்து, இப்போது என் சமையலில் வந்து நிற்கிறது. "எனக்கும் அப்படித்தான் மச்சான் போடுவா, உப்பே இருக்காது" என்கிறார் இவர். அங்கன அண்ணன் சிரிப்பது இங்கன வரைக்கும் கேட்கிறது. போனைக் கேட்டால் இவர் தர மாட்டேன் என்கிறார். நாளைக்குத்தான் நான் பேச வேண்டும்.