காக்காவுக்கு முன்னால் வள்ளி சாப்பிட்டாள்

என் மல்லிகா அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. போன இடத்தில் சோற்றில் உப்பு குறைந்தாலும் என் கனவில் வந்து சொல்லாமல் இருக்க மாட்டீர்கள். நீங்கள் வரவில்லை, அதனால் நன்றாகத்தான் இருப்பீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருக்கும். நான் எழுதின மளிகைச் சீட்டைக்கூடத் திருத்திக் கொடுத்த மனுஷன் நீங்கள். இதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் தெவசம் முடிந்தது. அன்றைக்கு இந்த வீட்டில் நடந்ததை உங்கள் மகன் சங்கரன் உங்களிடம் கோள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் படைக்கும் முன்னால், காக்காவுக்கு வைக்கும் முன்னால், உலையில் வெந்த முதல் சோற்றை மல்லிகா மகள் வள்ளிக்குப் போட்டேன். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் போட்டேன்.

வள்ளி பி.காம் படிக்கிறாள். பாளையங்கோட்டையில் காலேஜ். அவள் வீட்டில் எந்நேரமும் டிவி ஓடும் என்று பரீட்சைக்கு அம்பாசமுத்திரத்துக்கு, நம் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒவ்வொரு பாடத்தையும் ஒவ்வொரு இடத்தில் வைத்துப் படிக்கிற பிள்ளை அவள். வணிகச் சட்டம் என்றால் முற்றத்தில் நடந்துகொண்டே. கணக்குப்பதிவியல் என்றால் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு. தமிழை அடுக்களையில் என் காதுபட உரக்கப் படிப்பாள். இங்கிலீஷ் மட்டும் வாய்க்குள்ளேயே. இத்தனையையும் ஒரே தலைக்குள் எப்படி அடைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

புள்ளியியல் ஒன்றுதான் அவளுக்கு வசப்படவில்லை. போன தடவை போய்விட்டது, அரியர். உங்கள் மாப்பிள்ளை அப்போதே சொல்லிவிட்டார், "இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பு போதும்" என்று. திசையன்விளையிலிருந்து ஒரு பையன் ஜாதகமும் வந்திருக்கிறது. ஆக, அந்த ஒரு பரீட்சையில்தான் பிள்ளையின் பிழைப்பு நின்றது.

பரீட்சைத் தேதி வள்ளியின் போனில் வந்தது. சங்கரன் பஞ்சாங்கத்தைப் புரட்டினான். புள்ளியியலும் உங்கள் திதியும் ஒரே நாள்.

அரிந்துகொண்டிருந்த காயை அப்படியே கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போது மல்லிகா காலேஜில் கடைசி வருஷம். உங்கள் அம்மாவின் தெவசமும் அவளுடைய பரீட்சையும் ஒரே நாளில் விழுந்தன. காக்கா எடுக்காமல் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, வாசல் தாண்டக் கூடாது என்றீர்கள். அடுத்த தெருவில் கல்யாணம். ஊர்க் காக்கா பூராவும் அங்கே எச்சில் இலையில் கிடந்தன. நம் வீட்டு மொட்டைமாடியில் நீங்கள் ஒருவர்தான் கா கா என்று கத்திக்கொண்டிருந்தீர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. "உங்கம்மா கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டுப் பைய வருவாக. பிள்ளைய அனுப்புங்க" என்று சொன்னேன். அதற்காக ஐப்பசி முழுக்க என்னோடு பேசவில்லை நீங்கள். ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மல்லிகா வாசல் நடையில் உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலி பஸ் ஒவ்வொன்றாகப் போகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. காக்கா வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது.

"போனது போச்சு. இனிமே என்னத்துக்குப் படிப்பு?" என்றீர்கள். தையில் கல்யாணம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் இத்தனை வருஷமும் கோபத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் தெவசத்துக்கு வருகிறேன். விடியும் முன்னே சங்கரன் ஆற்றுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போய்விட்டான். வாழைக்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல், எல்லாம் உங்களுக்கு உள்ளபடி செய்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சோற்றை இறக்கியதும் ஓர் இலையைக் கிழித்துப் போட்டு வள்ளியைக் கூப்பிட்டேன்.

முந்தின நாளே வந்திருந்த மல்லிகா பதறிப் போனாள். "எம்மா, அப்பாவுக்கு வைக்காமயா?"

வள்ளியும் தயங்கினாள். "ஆச்சி, நான் பஸ் ஸ்டாண்டுல பன்னு வாங்கித் தின்னுக்கிடுதேன்."

"ஏட்டி, உனக்குச் சும்மாவே கணக்கு வராது, பசிச்ச வயித்தோட வருமா? உக்காரு."

பிள்ளை உட்கார்ந்து இரண்டு வாய் வைத்திருப்பாள். சங்கரன் ஈர வேட்டியோடு உள்ளே வந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"எம்மா, என்ன காரியம் செய்யுத?"

"அவ சாப்பிடுதா. கண்ணு தெரியலயா?"

"அப்பா ஏத்துக்கிட மாட்டாக. அரியர் பரீட்சைதான? அடுத்த செமஸ்டர்ல எழுதுனா என்ன கொறஞ்சிரப் போவுது?"

அச்சாக உங்கள் குரல். நின்ற நிலைகூட நீங்கள்தான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. வள்ளி இலையை மூடப் போனாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் கையிலிருந்த கரண்டியை மல்லிகா வாங்கினாள். வள்ளியின் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். வாழைக்காயும் வைத்தாள். அண்ணனைப் பார்க்காமலே பேசினாள்.

"அடுத்த செமஸ்டர்னு எனக்கும் ஒண்ணு இருந்துதுண்ணே. நீ தின்னுட்டி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கேட்டீர்களா? உங்கள் மகள் பேசினாள். சங்கரன் வேட்டியைப் பிழியப் பின்பக்கம் போய்விட்டான். மல்லிகாவே பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போய், பஸ் கிளம்பிய பிறகுதான் வந்தாள்.

படையல் போட்டோம். மாடிச் சுவரில் சோறு வைத்தோம். காக்கா வரவில்லை. கத்திக் கத்திச் சங்கரனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "பாத்தியா? அப்பாவுக்குக் கோவம்" என்றான். எனக்கும் பசிதான். சுகர் மாத்திரை போட வேண்டும். ஆனால் உங்கள் இலைக்கு முன்னால் நான் கை வைக்கவில்லை, அந்த மரியாதை உங்களுக்கு எப்போதும் உண்டு.

"கோவம்னா இருக்கட்டும். அவுகளும் ஒரு நாளு காத்துக் கெடந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நான் நடையில் போய் உட்கார்ந்தேன். மல்லிகா அன்றைக்கு உட்கார்ந்த அதே இடம்.

வெயில் ஏறிய பிறகு வந்தீர்கள். வாழைக்காயைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பாகற்காயைத் தள்ளிவிட்டீர்கள். செத்தும் அந்தக் குணம் போகவில்லை. வந்ததற்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். பிள்ளைக்குத்தான் முதலில் போட்டேன் என்று தெரிந்தும் வந்தீர்களா, தெரியாமல் வந்தீர்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசியாக மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்தீர்கள். நாக்கு எழும்பவில்லை. அது இதைப் பற்றித்தானா? இல்லை, தண்ணீர்தான் கேட்டீர்களா? அவள் தண்ணீர்தான் கொடுத்தாள்.

வள்ளி பொழுது சாயும் முன்னே வந்துவிட்டாள். விரலெல்லாம் மை. "எல்லாத்தையும் எழுதிட்டேன் ஆச்சி. ஒரு கணக்கு மட்டும் சந்தேகம்" என்றாள். முடிவு வர நாள் ஆகும். தேறுவாளா, எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையிடம் மல்லிகா என்ன சொன்னாளோ, திசையன்விளை ஜாதகம் வந்த வழியே போய்விட்டது. இப்போது முற்றத்தில் வணிகச் சட்டம் நடந்துகொண்டிருக்கிறது. நாளை மறுநாள் அந்தப் பரீட்சை.

நான் இருக்கிற மட்டும் உங்கள் தெவசத்துக்கு ஒரு குறை வராது. பிரண்டைத் துவையலும் உண்டு, நீங்கள் தொடாத பாகற்காயும் உண்டு. ஆனால் பரீட்சை இருக்கிற நாளில் முதல் கரண்டி வள்ளிக்குத்தான். தேறாவிட்டால் திரும்ப எழுதுவாள், திரும்பவும் முதல் கரண்டி அவளுக்குத்தான். நீங்கள் மாடிச் சுவரில் உட்கார்ந்து காத்திருங்கள். மல்லிகா காத்திருந்தாள் அல்லவா?

கோபம் தீராமலே உங்களுக்குச் சோறு வைக்கிற,
மல்லிகா அம்மா,
வள்ளியின் ஆச்சி.