விதைக்கு விட்ட பழம்

அன்புள்ள அம்மாவுக்கு, மூட்டு வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

நீங்கள் கொடுத்தனுப்பிய விதையில் நம் வீட்டுத் தக்காளி என் ஜன்னலோரம் காய்த்தது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "செடியைத் தூக்கிப் போடு, இல்லேன்னா ரூமைக் காலி பண்ணு" என்று குதித்தார். போட்டுவிட்டேன். ஆனால் பழுத்திருந்த ஒரே பழத்தை அதற்கு முன்பே பறித்துக்கொண்டேன். ஆசையாகத்தான் இருந்தது, தின்னவில்லை. நீங்கள் முதல் பழத்தை விதைக்கு விடுவீர்களே, அப்படியே விட்டேன். முளைத்த நாற்றுகளை மாடியில் அறைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். இப்போது பதினோரு ஜன்னலிலும் பூ.

விதையைச் சாம்பலில் எப்படிப் புரட்டுவது என்று எழுதுங்கள். எனக்குத் தெரியும்தான், ஆனாலும் இரண்டு பக்கம் வருகிற மாதிரி எழுதுங்கள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்காரர் தெருவில் நின்று ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணட்டும். பதினோரு பேரையும் காலி பண்ணச் சொல்லட்டும், பார்க்கலாம்.

உங்கள் மகள்