பிரேக் இல்லாத இருக்கை

பாசமுள்ள மும்தாஜ் அம்மணிக்கு,

சௌக்கியமா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நான் சௌக்கியம். கடையும் சௌக்கியம். ஆடித் தள்ளுபடிக்கு இந்த வருடமும் பெட்ஷீட் எடுக்கக் கூட்டம் பரவாயில்லை. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பாட்டுப் பையைப் பிரிக்கும்போதுதான் கஷ்டம். ஒரு ஆளுக்கு எதற்கு உட்கார்ந்து பரிமாற வேண்டும் என்று தோன்றி, நின்றபடியே தின்றுவிடுகிறேன்.

உன்னை வீட்டிலிருந்து எடுத்துப்போன அன்று பெண்கள் எல்லோரும் வாசலோடு நின்றுகொண்டோம். அப்புறம் ஒருநாள் உன் வீட்டுக்காரர் சலீம் பாய் என்னைக் கபரஸ்தான் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். “அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்டைங்க அக்கா” என்று கை காட்டினார். நான் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் ஆட்களிலும் பெண்கள் சுடுகாடு போவதில்லை, அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் உன்னிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதை எங்கே வந்து நின்று கேட்பது? அதனால்தான் இப்படி ஊரறிய எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். அன்று தாய்லாந்தில், கிராபிக் கடலில் பாதி வழியில் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாயே, அது என்மேல் இருந்த நம்பிக்கையா? இல்லை, அப்போதே உன் கைக்கு முடியாமல் போய்விட்டதா?

உனக்குத் தெரிந்த கதைதான். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கமாகிவிட்டது. நீயும் ஒருதரம் கேட்டுக்கொள்.

பெண்களுக்கு என்று நீ டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தாய். உன்னைவிட வயதில் மூத்த மாணவி உனக்கு நான்தான். சென்னிமலையில் இருக்கும் என் தம்பியிடமிருந்து மாதாமாதம் சரக்கு எடுத்து வர வேண்டும், வாடகை வண்டிக்காரர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வர மாட்டார்கள். அந்தக் கோபத்தில் வண்டி வாங்கினேனே தவிர, ஸ்டியரிங்கைத் தொடவே எனக்குப் பயம். உன் பயிற்சி வண்டியில் உன் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அது இருக்கும் தைரியத்தில்தான் நான் ஓட்டுகிறேன் என்பது உனக்குத் தெரிந்துபோய்விட்டது. ஒருநாள் ரேஸ் கோர்ஸ் பக்கம், ஓடுகிற வண்டியில், இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய்.

“பாத்துக்கோங்க்கா, என்ற காலு ரெண்டும் மேல இருக்குது. இப்ப வண்டி உங்களுது.”

நான் அலறிய அலறலுக்கு நடைபோகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் ஓட்டினேன்.

லைசென்ஸ் வந்த பிறகும் மெயின்ரோட்டில் தனியாகப் போக எனக்கு நெஞ்சு இல்லை. மாதாமாதம் நீ கூட வந்தாய். கருமத்தம்பட்டியில் ஒரு டீ, பெருந்துறை வரைக்கும் ஊர்க்கதை, திரும்பும்போது பின்சீட்டெல்லாம் போர்வைக் கட்டு. என் வண்டியில் உன் பக்கம் பிரேக் கிடையாது. இருந்தும் முன்னால் ஒரு லாரி வந்துவிட்டால் உன் வலது கால், காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டை ‘தொப்’பென்று மிதிக்கும். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் உன்னால் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததில்லை.

அப்புறம்தான் உனக்கு அந்தப் போன் வீடியோ கிடைத்தது. பச்சைத் தண்ணீரில், ஓங்கி நிற்கும் பாறைகளுக்கு நடுவே இரண்டு பெண்கள் துடுப்புப் போட்டுப் போகிறார்கள். கயாக் என்று பேர் சொன்னாய்.

“தாய்லாந்துங்க்கா. இதுக்கு லைசென்ஸ் கேக்க மாட்டாங்களாம்.”

“நீச்சல் தெரியாதே அம்மணி.”

“நமக்கென்னத்துக்குங்க்கா நீச்சலு? நாம படகுக்குள்ளதான உக்காரப் போறோம்?”

என் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். சலீம் பாய்தான் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். சண்டை போட்டுக்கொள்ளாமல் திரும்பி வாருங்கள் என்று மட்டும் சொன்னார். சிங்கப்பூரில் விமானம் மாறுவதற்குள் ஜன்னல் சீட்டுக்காக ஒருதரம் போட்டுக்கொண்டோம்.

கிராபியில் இறங்கியதும் பாங்குச் சத்தம் கேட்டு உன் முகம் மலர்ந்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. “நம்மூரு மாதிரியே இருக்குதுங்க்கா” என்றாய். படகுக்காரர் யூசுஃபும் உனக்கு சலாம் சொன்னார். அதற்கு மேல் அவர் பாஷை நமக்குத் தெரியாது, நம்முடையது அவருக்குத் தெரியாது. ஆனாலும் நீங்கள் இருவரும் கை ஜாடையில் பிள்ளைகுட்டி விவரமெல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள். பின்னால் உட்காருகிறவர்தான் படகைத் திருப்ப வேண்டும், முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் படகு ஆடும் என்று ஜாடையிலேயே சொல்லிக் கொடுத்தார். நீதான் பின்னால் என்பதில் நமக்குள் பேச்சே எழவில்லை.

அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்த உடனே மானம் போயிற்று. கண்ணெதிரே வேர்க் கூட்டம் வருகிறது, நான் துடுப்பை விட்டுவிட்டு, “பிரேக்கப் புடி அம்மணி, பிரேக்கு!” என்று கத்துகிறேன். பின்னாலிருந்து ‘தொப்’பென்று ஒரு சத்தம். நீயும் படகின் அடியை மிதித்திருக்கிறாய்! நேரே போய் வேரில் முட்டினோம். மரத்திலிருந்த குரங்கு ஒன்று சாவகாசமாக இறங்கி வந்து, என் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனது. யூசுஃப் துடுப்பில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். அப்படி நான் சிரித்து எத்தனை வருடம் ஆகியிருந்தது தெரியுமா?

திரும்பும்போது திறந்த கடல். எதிர்க்காற்று. யூசுஃப் மற்ற படகுகளோடு கொஞ்சம் முன்னால் போய்விட்டார். பின்னாலிருந்து உன் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. “போங்க்கா, வண்டி நல்லா ஓடுது. அந்த வெள்ளைப் பாறையப் பாத்தே போங்க.” நான் துடுப்புப் போட்டேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. நாம் இரண்டு பேர் போடுகிறோம், கரை வந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நீ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். துடுப்பு மடியில் குறுக்கே கிடந்தது. தலைத்துணி காற்றில் அடித்துக்கொண்டிருக்க, பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அடிப்பாவி! எப்ப நிறுத்துன?”

“அந்தத் தனிப் பாறை தாண்டுனப்பவேங்க்கா. நீங்கதான் ஓட்டீட்டு வாரீங்க.”

திட்டினேன். திட்டிக்கொண்டே கரை சேர்த்தேன். ஊருக்கு வந்து, ஒரு கடலையே நான் தனியாகக் கடந்த மாதிரிக் கடையில் பெருமை அடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் நாம் சென்னிமலை போனோம். அன்று கருமத்தம்பட்டி தாண்டியதும் நீ தூங்கிவிட்டாய். ஓடுகிற வண்டியில் நீ கண் மூடி நான் பார்த்ததே இல்லை. அக்கா ஓட்டுவதில் தேறிவிட்டாள் என்று நம்பித்தான் தூங்குகிறாய் போல என்று எனக்குள் ஒரே சந்தோஷம். டாக்டர் ரத்தப் புற்று என்று சொன்னபோது, கொஞ்ச காலமாகவே உடம்பு அசந்துபோயிருக்குமே, கவனிக்கவில்லையா என்றும் கேட்டார். சலீம் பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாயங்காலம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்க நாக்கு வரவில்லை. முடியாமல்தான் நிறுத்தினேன் என்று நீ சொல்லிவிட்டால், என் வாழ்க்கையில் நடந்த அந்த ஒரு நல்ல நாளும் போய்விடுமே என்று பயந்தேன். நீ போன பிறகு அந்தப் பயம் போகவில்லை, கேட்கத்தான் ஆள் இல்லை.

வண்டியை மூடிப் போட்டுவிட்டேன். சரக்கு லாரி பார்சலில் வந்தது. சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் பையன், “ஏனுங்க்கா, இந்தப் பக்கம் மேட்டு தேஞ்சு குழியாயிருச்சு, மாத்திப்போடலாங்களா?” என்றான். குனிந்து பார்த்தேன். சரியாக உன் வலது கால் குதி இருக்கும் இடம். வேண்டாம், அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவன் பார்க்காதபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன வாரம் பார்சல் மழையில் ஊறி வந்தது. ஒரு கட்டு முழுக்கச் சாயம் இறங்கிப் பாழ். தம்பிக்குப் போன் போட்டு, “இனிமே நானே வந்து எடுத்துக்கறேன்” என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. என் வாய் உனக்குத் தெரியாததா?

போனேன் அம்மணி. தனியாக. டீக்கு நிறுத்தவில்லை, ஒரே ஒரு டீ என்று சொல்ல மனது வரவில்லை. விஜயமங்கலம் டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு பஸ் குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன், வண்டி நின்றது. இடது பக்கத்திலிருந்து அந்தத் ‘தொப்’ வரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

சென்னிமலை அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தினேன். தம்பி வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. இறங்கிச் சுற்றி வந்து, உன் சீட்டில் உட்கார்ந்து, அந்தக் குழியில் காலை வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் ரோடு முழுக்கத் தெரிகிறது, கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றுமில்லை. இப்படியா இத்தனை வருடம் என்னோடு வந்தாய்?

அப்புறம் உன்னைப் போலவே காலைத் தூக்கிச் சம்மணம் போடப் பார்த்தேன். முட்டி டேஷ்போர்டில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளி, கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் கையால் தூக்கி வைத்து, இன்னொன்றை இழுத்து, மூச்சு வாங்கிவிட்டது. நிற்கிற வண்டியில் இந்தப் பாடு. ஆடுகிற படகில், நனைந்த துணியோடு நீ எப்படி மடக்கினாய்? உடம்புக்கு முடியாதவள் காலை நீட்டித்தானே சாய்வாள்? கை ஓய்ந்துதான் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலை நீ வேண்டுமென்றுதான் மடக்கியிருக்கிறாய். எனக்கு அது போதும்.

பதில் கிடைத்துவிட்டது. ஓடிவந்து சொல்ல ஆள்தான் இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பூக்கடை அம்மா ஒருத்தர் கண்ணாடியைத் தட்டினார்.

“ஏனுங்க, டிரைவர் எங்கீங்க? வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க.”

“நான்தானுங்க டிரைவரு” என்றேன். காலை இறக்கி, சுற்றி வந்து, தள்ளி நிறுத்தினேன்.

அடுத்த மாதமும் நானேதான் ஓட்டிப் போவேன், கருமத்தம்பட்டியில் நிறுத்தி டீயும் குடிப்பேன். அந்த மேட்டை யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன். நீ காலை மேலேயே வைத்துக்கொள்.

உன் கூடப் பிறக்காத, உனக்கு முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்ட
உன் அக்கா
மரகதம்