மிர்த்தாவின் முகவரி

ஜூன் 4
கணக்கில் இருபதுக்கு இருபது. அம்மாவிடம் காட்ட ஓடிவந்தேன். அவள் அதற்குள் மிர்த்தா வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா சுகாதார நிலையத்தின் தொண்டர். காசநோய்க்காரர்கள் மாத்திரை விழுங்குவதைத் தினமும் நேரில் பார்க்க வேண்டும். சரி. மற்றவர்களை நின்றபடியே பார்த்துவிட்டு வருகிறவள், மிர்த்தாவுக்கு மட்டும் தலை வாரிவிடுகிறாள்.

ஜூன் 5
சூப்பில் கோழிக்கால் மிர்த்தாவுக்கு. எனக்கு நூடுல்ஸ்.

ஜூன் 11
இன்று சூப்பை நான் கொண்டுபோனேன். ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.
"வாத்தியாரம்மா வந்தாச்சு" என்றாள் மிர்த்தா. நான் நன்றாகப் படிப்பதால் அவள் எனக்கு வைத்த பேர். பதினேழு வயது, இருமும்போதும் கிண்டல் நிற்காது. "உங்கம்மா என்னை ராணின்னு கூப்பிடறாங்க. உன்னை?"
என்னை நெலி என்பாள். நெலிடாவில் பாதி. சூப்பை ஜன்னல் வழியே நீட்டினேன்.
பிறகு அவளே ஒன்று சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைக்குச் சளி கொடுத்தபோது முகவரி கேட்டார்களாம். "நம்ம குன்னு பேரச் சொன்னா ஊரே பேசாதா? எதிர்க்குன்னுல பெரியம்மா வீட்டச் சொல்லிட்டேன். யார்கிட்டயும் வாயத் திறக்காத."

ஜூன் 17
அம்மா சாப்பிடவில்லை. மாத்திரை விழுங்கியும் மிர்த்தா இளைத்துக்கொண்டே போகிறாள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற சோதனை முடிவு கம்ப்யூட்டரில் வரவே இல்லையாம். நர்ஸ் சொரைடா தினமும் திறந்து பார்க்கிறார்.
ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். பள்ளியிலிருந்து நிலையத்தைச் சுற்றிப் பார்க்கப் போனபோது சொரைடாவே விளக்கினார்: ஆய்வுக்கூடம் முகவரி பார்த்துத்தான் அந்தந்தப் பகுதி நிலையத்துக்கு அனுப்பும். எங்கள் திரையில் எங்கள் குன்றின் நோயாளிகள் மட்டும்.
சொன்னால் அவளை எதிர்க்குன்று நிலையத்துக்கே மாற்றிவிடுவார்கள். அங்கே வேறு யாராவது தலை வாரிவிடட்டும் — இதற்காகவா சொல்லப்போகிறேன்?

ஜூன் 18
சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினாள்.

ஜூன் 19
முடிவு வாரக்கணக்கில் எதிர்க்குன்று நிலையத்தில் கிடந்திருக்கிறது. அவர்கள் வீடு தேடிப் போனபோது பெரியம்மா, "இங்க அப்படி யாரும் இல்ல" என்று கதவைச் சாத்திவிட்டாராம். மிர்த்தா விழுங்கிய மாத்திரைகளில் முக்கியமான இரண்டும் அவளுக்குப் பலிக்காதவை.
"அவள எப்ப மாத்துவாங்க?" என்று கேட்டேன்.
"எதுக்கு மாத்தணும்? முகவரியத் திருத்தியாச்சு. அவ நம்ம குன்னுப் பிள்ளைதானே." இனிமேல் புது மருந்து, ஊசி. காலையிலும் மாலையிலும். ஒன்றரை வருஷம். எல்லாம் அம்மா பொறுப்பு.
ஒன்றரை வருஷத்தில் நான் பள்ளியே முடித்துவிடுவேன்.
அழுதேன். எதுக்கு அழறேன்னே தெரியல.

ஆகஸ்ட் 27
மிர்த்தாவுக்கு எடை ஏறுகிறது. என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.
"என் நல்லதுக்காகவா சொன்ன?"
"இல்ல. உன்னை அனுப்பிடுவாங்கன்னு."
சிரித்தாள். "நெனச்சேன். நான் போறதா இல்ல, வாத்தியாரம்மா."
திரும்பும்போது அம்மா மாலை மருந்தோடு படியேறி வந்தாள். பனிமூட்டத்தில் படிகளே தெரியவில்லை. டார்ச்சை வாங்கி அவள் காலடியில் பிடித்தபடி மறுபடி ஏறினேன். மெதுவாகத்தான் ஏறினேன். மிர்த்தா வீட்டு வாசல் வரை அம்மா என்னோடு இருந்தாள்.