இன்டர்நெட்டில் உங்க அத்தா பார்த்த கடை

பாலவாக்கம்
12.9.1999

அன்பு மகள் மஹ்விஷுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் புண்ணியத்துல நானும் உங்க அத்தாவும் இங்க சுகமா இருக்கோம், சிகாகோவுல நீயும் அப்படியே இருக்கணும்னு அஞ்சு வேளையும் துஆ கேட்கிறேன். குளிர் இன்னும் ஆரம்பிக்கலைன்னு சொன்னே, ஆரம்பிக்கிறதுக்குள்ள ஸ்வெட்டரை எடுத்து வெயில்ல போடு. இ-மெயில்ல எழுதும்மான்னு நீ சொல்றது என் காதுல விழாம இல்லை. அடையாறுல பிரவுசிங் சென்டர் வச்சிருக்காரே அனந்தராமன் சார், நான் சொல்லச் சொல்ல அவர்தான் டைப் பண்றார், ஆனா நடுவுல தன் பங்குக்கு ரெண்டு வரி புத்திமதியும் சேர்த்துடுறார். போன மாசம் தினமும் மோர் குடின்னு உனக்கு வந்ததே, அது நான் சொன்னதில்லை. அதனால குடும்ப விஷயமெல்லாம் இனிமே தபால்லதான்.

இன்டர்நெட்ல நம்ம கடைக்கு இருக்கிற இலவசப் பக்கத்தை விட்டுட்டு நம்ம சொந்தப் பேர்ல ஒரு பக்கம் எடுக்கலாமா, அத்தாகிட்ட கேட்டுச் சொல்லுன்னு போன்ல கேட்டே. ஒரு வார்த்தையில பதில் சொல்ற மாதிரியா உங்க அத்தா வச்சிருக்காங்க? முதல்லேர்ந்து சொன்னாத்தான் உனக்கு விளங்கும். வடக்கு மாட வீதி சந்துல இருந்த தையல் கடையை ஓனர் காம்ப்ளெக்ஸ் கட்டணும்னு காலி பண்ண வச்சதும், மிஷினையெல்லாம் இங்க ஹாலுக்குக் கொண்டு வந்துட்டோம்ல, அதுலேர்ந்து டான்ஸ் டீச்சருங்க யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. பாலவாக்கமா, அது மகாபலிபுரம் பக்கமாச்சேன்னு சொல்றாங்களாம். உங்க அத்தா பழைய ஷட்டர்ல புது விலாசத்தைப் பெயிண்ட்ல எழுதிட்டுத்தான் வந்தாங்க, கட்டடத்தோட சேர்த்து அந்த ஷட்டரையும் பேத்து எடுத்துட்டான். அரங்கேற்ற டிரஸ்ஸுன்னா ஷரஃபுதீன் பாய்னு மயிலாப்பூரே சொல்லும், அந்த மனுஷன் வெட்டத் துணியில்லாம கத்திரியைத் துடைச்சுத் துடைச்சு வச்சதைப் பார்க்க எனக்குத் தாங்கலை மஹி. உன்கிட்ட போன்ல அழுதது அதுக்குத்தான்.

அப்போதான் நீ இன்டர்நெட்ல ஒரு பக்கம் போடலாம்னு மூணு வழி எழுதி அனுப்பினே. வருஷா வருஷம் பணம் கட்டிச் சொந்தப் பேர் வாங்கறது ஒண்ணு, அனந்தராமன் சார் இன்டர்நெட்ல நடத்துற 'மயிலாப்பூர் கடைகள்'ங்கிற பக்கத்துல ஒரு ஓரமா இடம் பிடிக்கிறது ஒண்ணு, அமெரிக்கக் கம்பெனி சும்மா கொடுக்கிற பக்கம் ஒண்ணு. முதலாவதுக்கு உங்க அத்தா, பழகாத ஊர்ல போய் யாராவது எடுத்த எடுப்புல சொந்த இடம் வாங்குவாங்களான்னுட்டாங்க. ரெண்டாவதுக்கு, நாலு கடைக்கு நடுவுல பிளாட்பாரத்துல உட்காரணுமான்னுட்டாங்க. மூணாவதுல ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பேட்டை, தெரு, கதவு நம்பர் கொடுப்பாங்கன்னு சார் சொன்னாரோ இல்லையோ, உங்க அத்தா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. அப்புறம் கேட்ட கேள்வி இருக்கே, மூலைக் கடையா, பக்கத்துல யாரு, எதிர்ல யாரு, மழைத் தண்ணி நிக்குமான்னுகூடக் கேட்டிருப்பாங்க, நான்தான் முழங்கையால இடிச்சேன்.

பாட்டு, நாடகம்னு இருக்கிறவங்க பேட்டையில ஒரு தெருவைப் பிடிச்சு, சாரை வீடு வீடா ஏறி இறங்க வச்சாங்க. ஒரு இடத்துல பக்கத்து வீட்டுக்காரன் டிரம்ஸ் அடிக்கிறவன், வேண்டாம்னுட்டாங்க. இன்னொரு இடம் நல்லா இருந்தது, ஆனா எதிர்ல ஒரு பொம்மை மனுஷன் மண்வெட்டியால மண்ணு தோண்டிக்கிட்டே இருந்தான். பக்கம் இன்னும் தயாராகலைங்கிறதுக்கு அடையாளம் பாய் அதுன்னு சார் தலைபாடா அடிச்சுக்கிட்டார். இவங்க கேட்டாத்தானே? இங்கேயும் காம்ப்ளெக்ஸ் கட்டுறான், பட்டுத்துணி மேல தூசு விழும்னு எழுந்துட்டாங்க. கடைசியில 4417-ம் நம்பர் பிடிச்சுப் போச்சு. ஏன்னா பக்கத்து நம்பர்ல டொரத்தின்னு ஒஹையோக்காரம்மா, அவங்க ஊர் டான்ஸுக்கு கவுன் தைக்கிறவங்க. தையல்காரங்க பக்கத்துல இருந்தா ஒரு ஊசி நூலுக்காவது ஆகும்னாங்க. சிரிக்காதே, நான் அன்னிக்கே போதுமான அளவு சிரிச்சுட்டேன்.

அதோட விட்டாங்களா? புதுசா குடி வந்திருக்கோம், அக்கம்பக்கத்துல சொல்லிக்காம இருக்கலாமா, சேமியா கொடுத்தனுப்ப வழியில்லையே, அதுக்கு என்ன பண்றாங்கன்னு சாரைப் பிடிச்சுக்கிட்டாங்க. வந்துபோறவங்க எழுதிட்டுப் போக ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு புஸ்தகம் உண்டாம், அந்தத் தெருவுல எல்லார் புஸ்தகத்துலயும் சாரை எழுத வச்சாங்க. நாங்க 4417-க்கு வந்திருக்கோம், மிஷின் சத்தம் தொந்தரவா இருந்தா மன்னிக்கணும்னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க. டொரத்தி மட்டும் பதில் போட்டாங்க, எனக்கு இடது காது மந்தம், நீங்க தாராளமா ஓட்டுங்கன்னு. எனக்கு அப்பவே அந்தப் பொம்பளையைப் பிடிச்சுப் போச்சு.

அன்னிலேர்ந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் நேரா சென்டர்தான். இந்த வாரம் என்ன தைச்சேன், எந்தக் கரைக்கு எந்த ஜரிகை வச்சேன்னு இவங்க சொல்ல, சார் இங்கிலீஷ்ல போட, அது பக்கத்துல ஏறும். அப்படி எழுதறதுக்கு அங்க ஏதோ புதுப் பேர் சொல்றாங்கன்னு எழுதியிருந்தே, என் வாயில நுழையலை. வேலை இல்லாத வாரம் என்ன எழுதுவீங்கன்னு கேட்டேன், உன் குர்தாவுக்குக் காலர் மாத்தினதை எழுதுவேன்னாங்க, எழுதியும் வச்சாங்க. டான்ஸ்ல முழங்காலை மடக்கி அரைமண்டி உட்காரும்போது விசிறி மடிப்பு எப்படிக் கிழியாம விரியுதுன்னு டொரத்தி கேட்க, இவங்க மூணு வாரம் அதையே எழுதினாங்க. அந்தம்மா அதை அவங்க ஊர்ல இருக்கிற தமிழ் டாக்டர் வீட்டுல காட்டி, அந்த டாக்டர் பொண்ணோட அரங்கேற்றத்துக்கு வந்ததுதான் நம்ம முதல் ஆர்டர். அவங்க சொல்லி இன்னொரு வீடு. ஹால்ல மறுபடியும் ரெண்டு மிஷின் ஓடுது, உங்க அத்தா கத்துறதும் மறுபடி ஆரம்பிச்சாச்சு, அல்ஹம்துலில்லாஹ்.

இந்த நேரத்துல நீ போன் பண்ணி, அந்த அமெரிக்கக் கம்பெனியை வேற யாரோ வாங்கிட்டாங்க, இனி தெரு, கதவு நம்பரெல்லாம் கிடையாதாம், மாத்திடலாம்மான்னு சொல்றே. மறுபடியும் காலி பண்ணுன்னு அந்த மனுஷன்கிட்ட எந்த வாயால சொல்றது? ரெண்டு நாள் மென்னு முழுங்கிட்டு, மூணாம் நாள் நாஷ்டா வைக்கும்போது சொல்லிட்டேன். தோசையைப் பாதியிலயே வச்சுட்டு எழுந்துட்டாங்க. செருப்பைப் போட்டுக்கிட்டு பஸ் பிடிச்சு நேரா சார்கிட்ட போனாங்க, நானும் பின்னாடியே ஓடினேன். போய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "சொந்தப் பேர்ல எடுத்தா, காலி பண்ணுன்னு யாராவது வருவாங்களா?" வருஷப் பணத்தை ஒழுங்கா கட்டுற வரைக்கும் ஒருத்தரும் வர முடியாது பாய்னு சார் சொன்னார். அப்புறம், அப்போ டொரத்தி எங்க போவாங்கன்னு கேட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அந்தம்மாவுக்கும் நம்பர் போகுதில்ல, அது எனக்குத் தோணவே இல்லை பாரு.

அதனால அத்தாவோட பதில் இதுதான். சொந்தப் பேரையே எடு, அவங்களுக்குச் சம்மதம். ஆனா அந்தக் கம்பெனி விட்டு வைக்கிற வரைக்கும் 4417-ஐ நாம அழிக்கக் கூடாது, நம்ம புது விலாசம் அங்க இருக்கணும், இந்த ஷட்டரையாவது யாரும் பேக்காம இருக்கட்டும்னு சொல்றாங்க. அப்புறம், நம்ம இடத்துக்குள்ளயே டொரத்திக்கு ஒரு ரூம் போட்டுக் கொடுக்கணும். வாடகை வேண்டாம், அட்வான்ஸ் வேண்டாம். எப்பவும் காலி பண்ணச் சொல்ல மாட்டோம்னு முதல்லயே எழுதிக் கொடுத்துடணுமாம். ஆயுசு முழுக்க வாடகைக்கு இருந்த மனுஷன், ஓனர் ஆகி ஒரு நாள்கூட ஆகலை மஹி, அதுக்குள்ள போடுற கண்டிஷனைப் பாரு.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, மோர் பிடிச்சா குடி, அனந்தராமன் சார் சொன்னதுக்காக வேண்டாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் நிம்மதியும் கொடுக்கட்டும், உங்க அத்தாவோட துஆவும் இதோட சேர்த்தி. மறந்துடாதே, டொரத்தி ரூமை முதல்ல போடு, நம்மளோடது மெதுவா ஆகட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
வஜீஹா ஷரஃபுதீன்