கடினமான ஒருவர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் காலையில் உட்கார்ந்தேன். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. நடுவில், நான் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்தில் உலர்த்தும் அடுப்பை அணைத்தேனா என்ற கவலை. ‘கவலை’ என்று பெயர் வைத்துவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டுமாம். ஞாயிறுதோறும் நூலக மாடியில் தியான வகுப்பு எடுப்பவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். “புத்தர் சொன்னாருன்னு நம்பாதீங்க, செஞ்சு பாருங்க” என்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போகிறேன். ரத்த அழுத்தம் குறைந்தால் போதும், நிர்வாணம் வேண்டாம்.

தங்கை எட்டிப் பார்த்தாள். “தியானமாக்கா, தூக்கமா?”

“குறட்டை வந்தா தூக்கம்.”

சிரித்தாள். கணவரை விட்டு என்னிடம் வந்த பிறகு அவள் சிரித்துப் பார்த்ததாக நினைவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

எதிர்ச்சாரியில், மருந்துக்கடை வாசலில், தங்கையின் கணவர் நிற்கிறார். போன வாரமும் நின்றார். கத்துவதில்லை, குடிப்பதில்லை. மடிப்புக் கலையாத சட்டை. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிப் போகும்வரை நிற்கிறார். அவ்வளவுதான்.

புகார் கொடுக்கப் போனேன். போலீஸ்காரர் கேட்டார்: “ஏதாவது செஞ்சாரா மேடம்?”

நிற்கிறாரே!

மார்ச் 16, ஞாயிறு

வகுப்பில் மைத்திரி தியானம். முதலில் தனக்கு, பிறகு பிரியமானவருக்கு, முன்பின் தெரியாதவருக்கு, கடைசியில் ‘கடினமான ஒருவருக்கு’ நலம் விரும்ப வேண்டும். பல் டாக்டர் எச்சரித்தார்: “எடுத்த எடுப்புல பெரிய பகைக்குப் போகாதீங்க. கடன் வாங்கின பேனாவைத் திருப்பித் தராதவன் மாதிரி யாராவது இருந்தா போதும்.”

நான் எப்போதும் கடினமான கணக்கிலிருந்தே தொடங்குகிறவள்.

மார்ச் 21, வெள்ளி

தங்கை கணவருக்கே நலம் விரும்பத் தொடங்கினேன். முதல் இரண்டு நாள் நெஞ்சு எரிந்தது. அவர் முகம் வந்தாலே தாடை இறுகியது. இன்று, குதிகால் தேய்ந்த செருப்போடு நிற்கும் ஓர் ஆளாக மட்டும் தெரிந்தார். நலமாக இருங்கள். அச்சமில்லாமல் இருங்கள். வேலை செய்கிறதே! ஆராய்ச்சி மாணவி போலக் குதூகலம் எனக்கு.

தங்கையிடம் சொல்லியிருக்கக் கூடாது.

“அவரையா? காலங்காத்தால உட்கார்ந்து அவரையா நினைக்கிற?” முகம் வெளுத்துவிட்டது. பிறகு மெதுவாக, “நினைச்சுக்கோ. ஆனா நேர்ல பார்த்தா முகம் குடுக்காதக்கா. அவர் ஒண்ணொண்ணையும் சேத்து வெச்சுப்பார்.”

பயம் அவளை மிகைப்படுத்திப் பேச வைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

பால் வாங்கத் தெருவைக் கடந்தபோது அவர் எதிரே. சிரித்தேன். தானாக வந்த சிரிப்பு.

“நல்லா இருக்கீங்களாக்கா?”

தலையசைத்தேன். உள்ளே கொதிப்பே இல்லை. பெருமையாக இருந்தது. ‘பெருமை’ என்று பெயர் வைத்துவிட்டுப் பாலோடு வந்தேன். தங்கையிடம் சொல்லவில்லை.

மார்ச் 31, திங்கள்

மருந்துக்கடை வாசலில் அவர் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றும் இல்லை. தங்கை தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தாள், ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தலை வாரினாள். நான்தான் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். நின்றபோது எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருந்தது. நிற்காதவர் எங்கே?

உட்கார்ந்தேன். மூச்சு பிடிபடவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன். எழுத்து சரியா வரல.

தங்கையின் கடையில் கண் பரிசோதனை அறை, இருட்டறை. கடைக்காரரே அவரை உள்ளே விட்டிருக்கிறார். “குடும்ப விஷயம்னு சொன்னாரு மேடம். அக்காவே சமாதானமாயிட்டாங்க, வெள்ளிக்கிழமை ரோட்டுல சிரிச்சுப் பேசினாங்கன்னு சொன்னாரு. நான் என்ன செய்ய?”

தங்கைக்கு மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிவு. கழுத்தில் விரல் தடம். உள்ளே தாழிட்டிருந்த கதவைக் கடைக்காரர் உடைத்தாராம் — அது வரைக்கும் நல்லது.

ஐயோ, எதுக்குடி சிரிச்ச? யாரு கேட்டா உன்கிட்ட?

தங்கை கண் விழித்ததும் கேட்டது ஒன்றுதான்: “சிரிச்சியாக்கா?”

ஏப்ரல் 6, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன், திட்டுவதற்காக. பல் டாக்டர் கடைசிவரை கேட்டார். “நலமா இருக்கணும்னு நினைக்கறது வேற, கதவைத் திறந்துவிடறது வேற. அதை அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்” என்றார். திட்டாமலே திரும்பினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தங்கை பெண்கள் விடுதி ஒன்றுக்குப் போகிறாள். கட்டுப்போட்ட கையோடு பெட்டியை அவளே மூடினாள். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டேன்.

“வேண்டாம்க்கா. உன் மேல கோபமில்ல. உனக்குப் பொய் சொல்ல வராது. முகத்துல எழுதி ஒட்டியிருக்கும்.”

ஏப்ரல் 24, வியாழன்

அவர் ஜாமீனில் வந்துவிட்டார். மாலையில் அழைப்புமணி. சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தேன்.

“அவ எங்கக்கா?”

“எனக்குத் தெரியாது.”

என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். நம்பினார்.