இரண்டு தட்டு

12 பிப்ரவரி 2024

இன்று அன்பரசு டேங்கருக்கு உள்ளே, நான் வெளியே. டேங்கரின் உள்பக்கம் பெயிண்ட் அடிப்பது எங்கள் வேலை. ஒரு நாள் அவன், மறுநாள் நான். வெளியே நிற்பவன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பேனரால் ஒரு தட்டு தட்ட வேண்டும். உள்ளிருந்து இரண்டு தட்டு வரும். வராவிட்டால் தின்னர் நெடி ஆளைச் சாய்த்துவிட்டது, இறங்கித் தூக்க வேண்டும் என்று அர்த்தம்.

நான் இன்று பம்பைக்காரன் மாதிரி தட்டித் தள்ளினேன். வெளியே வந்ததும் அன்பரசு, "மாமா, அடுத்த வாட்டி உன்ற மண்டையில தட்டறேன்" என்றான்.

13 பிப்ரவரி

நான் உள்ளே. வெளியே வந்தால் தலை காற்றில் பறக்கிறது. ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு வெல்லம். எங்களுக்கு மருந்து அதுதான். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சித்ரா, "ஏனுங்க, மூச்சுலயே தின்னர் நாத்தம்" என்றாள். "தீக்குச்சி கிழிச்சுப்போடாத, வெடிச்சுருவேன்" என்றேன்.

18 பிப்ரவரி, ஞாயிறு

வேலை இல்லாத நாளில்தான் தலை அதிகமாக வலிக்கிறது. மத்தியானம் சாப்பிடும்போது டக் டக். சுவருக்கு அந்தப் பக்கம்.

"யாரு தட்டறது?"

சித்ரா கரண்டியோடு நின்று பார்த்தாள். "யாருங்க தட்டுனாங்க?"

சும்மா சொன்னேன் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

20 பிப்ரவரி

குளிக்கும்போதும்.

22 பிப்ரவரி

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அன்பரசு உள்ளே போனான். தட்டினேன், இரண்டு வந்தது. மறுபடியும் இரண்டு. மூன்றாவது முறையும் இரண்டு. முதுகை யாரோ தொட்டார்கள். திரும்பினால் அன்பரசு, கையில் டீ கிளாஸ். என்னை ஏமாற்றப் பின்பக்க மூடி வழியாக அப்போதே வெளியே வந்து, டீக்கடைக்கும் போய்வந்திருக்கிறான்.

"பதில் வரலீன்னு அலறுவேன்னு பாத்தேன். நீ கல்லாட்டம் நிக்கற?"

"ரெண்டு தட்டு வந்துச்சேடா."

"உள்ள யாருமே இல்ல மாமா."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. இத்தனை நாள் எனக்குக் கேட்டதில் அவன் தட்டியது எத்தனை? ஒருநாள் அவன் உள்ளே விழுந்து கிடந்திருந்தால்? நான் பாட்டுக்கு இங்கே டீ குடித்துக்கொண்டு...

23 பிப்ரவரி

இனி வெளியே நிற்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சின்னராஜு, போன ஆடியில செத்தவனாட்டம் படுத்து ஆம்புலன்ஸ் வர வெச்சவன் நீ. நாளைக்கு அன்பரசு உள்ள, நீ வெளிய. போ போ."

இருபது வருஷம் பண்ணின கேலி. நிஜத்தைச் சொன்னால் நம்ப ஓர் ஆள் இல்லை.

சாயங்காலம் தங்கசாமி அண்ணன் ஓரமாகக் கூப்பிட்டார். இப்போது ஸ்டோரில் இருக்கிறார். அன்பரசு வரும்வரை என்னோடு வேலை பார்த்தவர்.

"உனக்கும் கேக்குதா சாமி?"

உனக்கும்.

"எனக்கு நாலு வருசமா. சொன்னா வேல போயிருமல்லோ."

அந்த வருஷங்களில் நான் உள்ளே இருந்த நாளெல்லாம் வெளியே நின்றவர் இவர்தான்.

24 பிப்ரவரி

காலையில் டேங்கரின் பின்பக்க மூடியைப் பூட்டிவிட்டு மேலே ஏறி, மேல் மூடியையும் சாத்தி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். இறங்கச் சொன்னார்கள். "இன்னைக்கு என்ன கூத்து?" என்று எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி கத்தினார். அன்பரசு மட்டும் தலை குனிந்து நின்றான்.

தங்கசாமி அண்ணன் ஸ்டோரிலிருந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கைதட்டல் நின்றுவிட்டது.

9 மார்ச்

டேங்கர் வேலை நின்றிருக்கிறது. முதலாளியே காரில் என்னையும் தங்கசாமி அண்ணனையும் சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கண்ணாடி அறைக்குள் தனித்தனி நாற்காலி. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள் காது டெஸ்ட் எடுக்கும் பெண். தூக்கினேன். பக்கத்தில் அண்ணனும் தூக்கினார்.

"இருங்க சார்," என்றாள், "நான் இன்னும் மெஷினே போடலை."